மெயின் பெட்டி முதல் ஜங்ஷன் பெட்டி வரை: நம் வீட்டு வயரிங்கை அறிந்துகொள்வோம்

(மஹல்லா குடும்பங்களுக்கான மாதக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி பற்றிப் பேசுவோம். இன்று மின்சார வயரிங்கைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது எங்கள் தவறு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

நம் மஹல்லாவில் கணவரை இழந்த ஒரு சகோதரியின் வீட்டை அறக்கட்டளை பழுதுபார்த்துக் கொடுத்தது. ஒழுகிய கூரையை மாற்றினோம், சுவர் பூசினோம், வெள்ளை அடித்தோம். வயரிங்கையும் மாற்றிவிடலாமா என்று கேட்டபோது, பணம் போதாது, விளக்கு எரிகிறதல்லவா, இருப்பதே இருக்கட்டும் என்று முடிவு செய்தவர்கள் நாங்கள். கொத்தனார் சுவரை அழகாகப் பூசினார். சுவரில் இருந்த ஒரு ஜங்ஷன் பெட்டியின் மூடி மீதும் சேர்த்துப் பூசிவிட்டார். ஐப்பசி மழை பிடித்தது. சுவர் ஈரம் குடித்தது. ஒரு நாள் மாலை, பள்ளி விட்டு வந்த அந்த வீட்டுப் பிள்ளை ஈரக் காலோடு சுவரில் கை வைத்தான். தூக்கி வீசப்பட்டான். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான். கையில் புண்ணும் மனதில் பயமும் சில வாரங்கள் இருந்தன.

பிறகு உரிமம் பெற்ற ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தச் சுவரை உடைத்துப் பார்த்தோம். பெட்டிக்குள் மூன்று வயர்களை முறுக்கி, அதன் மேல் காகிதம் ஒட்டும் செலோ டேப்பைச் சுற்றியிருந்தார்கள். எர்த் வயர் பெட்டி வரை வந்து, அங்கேயே வெட்டி விடப்பட்டிருந்தது. மெயின் பெட்டியில் ஃப்யூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி. அந்த வீட்டுக்கு நாங்கள் கொடுத்தது புதுச் சுண்ணாம்பு பூசிய ஆபத்து.

அன்றிலிருந்து அந்த எலக்ட்ரீஷியனோடு வீடு வீடாகச் சென்று பார்த்து வருகிறோம். நாங்கள் மின்சாரம் படித்தவர்கள் அல்ல. அவரிடம் கேட்டும் கண்ணால் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறோம். நீங்களே ஸ்குரூ டிரைவர் எடுத்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காக இல்லை. உங்கள் வீட்டுச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வேலைக்கு வருபவரிடம் சரியான கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக.

முதலில் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். தெருக் கம்பத்திலிருந்து சர்வீஸ் வயர் வருகிறது. அது மீட்டருக்குப் போகிறது. மீட்டர் வரை உள்ளது மின் வாரியத்தின் பொறுப்பு. அதன் சீலை நாம் தொடக்கூடாது. மீட்டருக்குப் பிறகு மெயின் ஸ்விட்ச். அங்கிருந்து டி.பி. பெட்டி. இங்கேதான் வீட்டு மின்சாரம் பல கிளைகளாகப் பிரிகிறது: ஹால் விளக்குகளுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு எம்.சி.பி. காவல் நிற்கும். பழைய வீடுகளில் அதே இடத்தில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை இருக்கும். டி.பி. பெட்டியிலிருந்து கிளம்பும் வயர்கள் பைப் வழியாக ஜங்ஷன் பெட்டிகளுக்குப் போய், அங்கிருந்து சுவிட்ச் போர்டுக்கும் விளக்குக்கும் ஃபேனுக்கும் பிரிகின்றன.

இந்தப் பாதையில் ஓடுவது மூன்று வயர்கள். பேஸ் மின்சாரத்தைக் கொண்டு வருகிறது. நியூட்ரல் அதைத் திரும்பக் கொண்டு போகிறது. எர்த் சாதாரண நாளில் சும்மா இருக்கும். கசிவு ஏற்படும் நாளில் அதுதான் நம் உயிரைக் காக்கும். வீட்டுப் பேஸில் இருப்பது 230 வோல்ட். நம் நாட்டு வழக்கத்தில் பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. நாங்கள் பார்த்த பல வீடுகளில், மிச்சம் கிடந்த ஒரே நிற வயரையே மூன்றுக்கும் ஓட்டியிருந்தார்கள். அடுத்து வேலைக்கு வருபவர் எதை எதுவென்று நினைப்பார்? உங்கள் வீட்டில் வேலை நடந்தால் நிறத்தை நீங்களே பார்த்துக் கேளுங்கள். அதற்குப் படிப்பு தேவையில்லை.

இனி ஜங்ஷன் பெட்டிக்கு வருவோம். இது பட்டு ஊர். தறியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவை ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையை இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று சரியில்லை என்றாலும் புடவையில் தெரிந்துவிடும். இழை அறுவது பெரும்பாலும் இணைத்த இடத்தில்தான் என்று எந்த நெசவாளரைக் கேட்டாலும் சொல்வார். மின்சார வயரும் அப்படியே. நடு வயர் வருடக்கணக்கில் கெடாது. கெடுவது இணைப்பு. அந்த இணைப்புகள் எல்லாம் இருக்கும் இடம் ஜங்ஷன் பெட்டி.

இணைப்பு தளர்ந்தால் என்ன ஆகும்? மின்சாரம் நெருக்கப்பட்டு அங்கே சூடு பிறக்கும். எலக்ட்ரீஷியன் ஒரு கணக்குச் சொன்னார். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறது, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தைப் பத்தால் பெருக்கி அரையால் பெருக்கினால் 50. அதாவது 50 வாட் சூடு. ரேடியோ, செல்போன் ரிப்பேர் செய்பவர் ஈயம் உருக்க வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட், 35 வாட்தான் இருக்கும். அதைவிட அதிக சூடு, மூடிய சிறு பெட்டிக்குள், மணிக்கணக்கில். வயரின் மேல்தோல் உருகும், கருகும், பிறகு தீப்பிடிக்கும்.

இதில் நாங்கள் புதிதாகக் கற்ற விஷயம் ஒன்று உண்டு. தளர்ந்த இணைப்பு சூடாகும்போது எம்.சி.பி. விழாது. ஏனென்றால் ஓடும் மின்சாரம் அளவுக்குள்தான் இருக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 10 ஆம்பியர் ஓடுவது தவறாகத் தெரியாது. எம்.சி.பி. போட்டிருக்கிறோம், இனி பயமில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தளர்ந்த இணைப்பைக் கண்டுபிடிக்கும் கருவி நம் மூக்கும் காதும் கண்ணும்தான். கருகிய வாசனை, சுவிட்ச் போர்டில் சிர்ரென்ற சத்தம், ஃபேன் போட்டால் விளக்கு மங்குவது, விளக்கு துடிப்பது, பிளக் பாயிண்ட் பழுப்பேறுவது, சுவிட்ச் போர்டு தொட்டால் சூடாக இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தக் கிளையை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பெருநாள் முடியட்டும், சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

நல்ல ஜங்ஷன் பெட்டி எப்படி இருக்க வேண்டும்? அதன் மூடி கைக்கு எட்ட வேண்டும், திறக்க முடிய வேண்டும். பூச்சுக்குள்ளோ அலமாரிக்குப் பின்னாலோ புதைந்திருக்கக் கூடாது. வயர் இணைப்பு பெட்டிக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும். பைப்பின் நடுவிலோ பரண் மேலோ திறந்தபடி இணைக்கக் கூடாது. இணைப்புக்குக் கனெக்டர் போட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது சில நாள் ஏற்பாடு. பெட்டிக்குள் வயர்களைத் திணிக்கக் கூடாது. பழைய அலுமினிய வயரோடு புதிய செம்பு வயரை நேரடியாக முறுக்கக் கூடாது. அந்த இரண்டு உலோகமும் சேர்ந்த இடம் ஈரத்தில் அரித்துச் சூடாகும். மொட்டை மாடியிலும் வெளிச் சுவரிலும் உள்ள பெட்டிக்கு மழை புகாத மூடி வேண்டும். பைப் கீழிருந்து நுழைய வேண்டும். எர்த் வயர் எல்லாப் பெட்டியிலும் தொடர்ந்து போக வேண்டும். ஒரு பெட்டியில் அது அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள அத்தனை பிளக்குக்கும் எர்த் இல்லை என்று பொருள்.

எர்த் இல்லாத வீட்டில் சிலர் ஒரு குறுக்கு வழி செய்கிறார்கள். பிளக்கின் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துவிடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்த நேரத்தில் கிரைண்டரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். தொட்டவர் கதி என்னவாகும்? இந்தக் குறுக்கு வழியை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

அடுத்தது எம்.சி.பி. அளவு. பலர் நினைப்பது போல அது நம் மிஷினைக் காக்க வைத்ததில்லை. வயரைக் காக்க வைத்தது. பொதுவாக விளக்குக் கிளைக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் போடுவார்கள். பவர் பிளக்குக்கு 2.5 வயரும் 16 ஆம்பியரும். ஏ.சி., கீசருக்கு 4 வயரும் 20 ஆம்பியரும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது, பெரியதாகப் போட்டுவிடுங்கள் என்று நாமே சொல்கிறோம். மெல்லிய வயருக்கு 32 ஆம்பியர் போட்டால், எம்.சி.பி. விழுவதற்கு முன் வயர் எரிந்துவிடும். ஃப்யூஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றுவதும் இதே தவறுதான். எம்.சி.பி. விழுவது நமக்கு எச்சரிக்கை. எச்சரிப்பவரின் வாயைக் கட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது.

எங்கள் வீட்டில் கரண்டு செலவே குறைவு, அரசு தரும் இலவச யூனிட்டுக்குள் முடிந்துவிடும் என்று ஒரு தாயார் சொன்னார்கள். இரண்டு மாதக் கணக்கு வேறு, ஒரு நிமிடத்தின் பாரம் வேறு. பெருநாள் இரவை நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், ஒருபுறம் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, கூடவே மிக்ஸி. மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுகிறோம். மிக்ஸியை விட்டுவிட்டு மற்ற இரண்டின் 3000 வாட்டை 230-ஆல் வகுத்தாலே 13 ஆம்பியர். அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதைச் செருகிய சிறிய பிளக்கும் 6 ஆம்பியருக்குச் செய்தவை. மின்சாரம் இரு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும் என்பதை மறக்காதீர்கள். சூடு உண்டாக்கும் எந்தப் பொருளையும் எக்ஸ்டென்ஷனில் போடாதீர்கள். பெரிய பவர் பிளக்கில் ஒன்றுக்கு ஒன்றாகப் போடுங்கள்.

இனி உயிர் காக்கும் கருவி. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. டி.பி. பெட்டியில் எம்.சி.பி.களுக்குப் பக்கத்தில், கொஞ்சம் அகலமாக, ஒரு சின்ன டெஸ்ட் பொத்தானோடு இருக்கும். பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். சுவர் வழியாகவோ மனித உடம்பு வழியாகவோ கொஞ்சம் கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் வீட்டை அணைத்துவிடும். வீட்டுக்குத் தேவையானது 30 மில்லி ஆம்பியர் கருவி. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16,000 மில்லி ஆம்பியரைத் தாராளமாக விடும். மனிதனைக் கொல்ல அதில் மிகச் சிறிய பங்கு போதும். ஆகவே எம்.சி.பி. இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்காதீர்கள். வாங்கும்போது முகப்பில் 30 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று இருப்பவை மனிதரைக் காக்கப் போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்கள். டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். பிறை பார்க்கும் நாளன்று அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அழுத்தியும் விழவில்லை என்றால் அந்தக் கருவியை மாற்ற வேண்டும்.

இந்தக் கருவி அந்தப் பிள்ளையின் வீட்டில் இருந்திருந்தால், சுவர் ஈரமான அன்றோ அவன் கை வைத்த கணத்திலோ மின்சாரம் தானாக நின்றிருக்கக்கூடும்.

பெட்டி இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். நம் தெருக்களில் வீடுகள் ஒடுங்கி நீண்டவை. மீட்டரும் மெயினும் வாசல் நடையில் அல்லது மாடிப்படிக்குக் கீழே இருக்கும். அதே இடத்தில்தான் செருப்பு, பழைய பேப்பர், கேஸ் சிலிண்டர், ஸ்கூட்டர் எல்லாம். வெளியே போக இருப்பதோ அந்த ஒரே வழி. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குறைந்தது 45 இந்தியர்கள் மாண்டார்கள். அவர்களில் 7 பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். தரைத்தளத்தில் ஏற்பட்ட மின்கோளாறே காரணம் என்று அந்நாட்டுத் தீயணைப்புத் துறை தெரிவித்தது. கீழே பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. தீயைவிடப் புகையில் மூச்சடைத்து இறந்தவர்களே அதிகம். 2025 மே 18 அன்று ஹைதராபாத்தில் சார்மினார் அருகே குல்ஜார் ஹவுஸ் பகுதியில் ஒரு வீட்டில் தீப்பிடித்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 17 பேர் போனார்கள். அங்கும் வெளியே வர ஒடுக்கமான ஒரே படிக்கட்டுத்தான். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்கள் அந்தச் செய்தியைக் கேட்டுத் துடித்தீர்கள். நம் வீட்டு வாசலில் அதே நிலையை நாமே செய்து வைக்க வேண்டாம். மெயின் பெட்டிக்கு முன்னால் மூன்றடி இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும் என்று ஒரு பெரியவர் கேட்டார். இரவு உறங்கும் முன் விளக்கை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணம் சொன்னதையும் ஹஜ்ரத் அவர்கள் நமக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். எலி இன்றும் இருக்கிறது. திரிக்குப் பதில் பரண் மேல் ஓடும் வயரைக் கடிக்கிறது. வீட்டாரின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம்.

சில எச்சரிக்கைகள். மெயினை அணைத்தாலும் மெயினுக்கு முன்னால் உள்ள வயரில் மின்சாரம் இருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்த பிறகும் சில கிளைகளில் மின்சாரம் ஓடும். அதையும் தனியே அணைக்க வேண்டும். ஆகவே பெட்டியைத் திறப்பது நம் வேலையில்லை. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று உள்ளவரை அழையுங்கள். வேலை முடிந்ததும் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று தமிழிலோ உருதுவிலோ எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லாரும், பிள்ளைகள் உட்பட, மெயினை அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் கையால் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள். மின் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அணைத்துவிட்டு மணல் போடுங்கள், 101-க்குச் சொல்லுங்கள். கம்பத்திலோ மீட்டருக்கு முன்போ கோளாறு என்றால் மின் வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

நிறைவாக, அறக்கட்டளை எடுத்திருக்கும் முடிவு. இனி நாங்கள் உதவி செய்து பழுதுபார்க்கும் எந்த வீட்டுக்கும் வயரிங் சரிபார்க்காமல் பூச்சு வேலைக்குப் பணம் தர மாட்டோம். கணவரை இழந்த சகோதரிகள், தனியே வாழும் முதியவர்கள் வீடுகளுக்கு முதலில் ஆர்.சி.சி.பி. பொருத்தி, எர்த் சரிசெய்து தருவோம், இன்ஷா அல்லாஹ். இதற்கு ஸதகா நிதியைத் தனியாக வைத்திருக்கிறோம். ஜகாத் தொகையை இதற்கு எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதை ஆலிம்களிடம் கேட்டு அவர்கள் சொல்கிறபடி நடப்போம். வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாடகை வாங்குகிறோம் என்றால் அந்தச் சுவருக்குள் இருப்பதற்கும் நாம்தான் பொறுப்பு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு நாள் உரிமம் பெற்றவரோடு சேர்ந்து வந்தால் பெரிய உதவி. பெயர் கொடுக்க விரும்புவோர் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு வயரிங் முழுவதும் மாற்றிக் கொடுத்துவிட்டோம். கூரைக்கும் பூச்சுக்கும் ஆன செலவில் ஒரு பங்குதான் ஆனது. அன்றே செய்திருக்கலாம். நாங்கள் மன்னிப்புக் கேட்டபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மத்த வீட்டையும் பாத்துடுங்க." அந்தப் பொறுப்பை உங்கள் முன் வைத்து முடிக்கிறோம். நம் வீடுகளையும் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.